அலிமென்ட்: சிறைக் கதவைத் திறந்த சொல்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் பழைய நீதிமன்ற ஏடுகளில் அடிக்கடி தென்படும் ‘அலிமென்ட்’ என்ற சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த இச்சொல், அந்நாட்டுச் சட்டத்தில், ஒருவர் உயிர்வாழத் தேவையானவற்றை இன்னொருவர் கொடுத்தே தீர வேண்டும் என்ற கடமைக்குப் பெயராயிற்று. நாம் ஜீவனாம்சம் என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். ஆனால் நம் சொல் பெரும்பாலும் குடும்ப வழக்குகளோடு நின்றுவிடுகிறது, அவர்களுடையதோ சிறைச்சாலைக்குள்ளும் நுழைந்தது.

கடனைத் திருப்பித் தராதவரைக் கடன் கொடுத்தவரே சிறையில் அடைக்கச் செய்யலாம் என்றிருந்த காலம் அது. அடைபட்டவரிடம் காசு இல்லையென்றால் அவருக்கு யார் சோறு போடுவது? அந்தச் சுமை சிறையை நடத்திய நகரங்களின் தலையில் விழுந்தது. அவை முறையிட்டதன் பேரில், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1696ஆம் ஆண்டில் ஏழைக் கைதிகளின் அலிமென்ட் குறித்து ஒரு சட்டம் இயற்றியது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள வழியில்லை என்று கைதி சத்தியம் செய்தால், அவரை உள்ளே வைத்தவருக்கு நகர நடுவர்கள் அறிவிப்பு அனுப்புவார்கள். அதன்பின் 10 நாள்களுக்குள் சாப்பாட்டுச் செலவுக்கு அவர் ஏற்பாடு செய்யாவிட்டால், கைதியை விடுவித்துவிடலாம். கடன் மட்டும் அப்படியே நிற்கும். மக்கள் இதை ‘அருட்சட்டம்’ என்று அழைத்தார்கள். அருளைவிட நகரங்களின் கணக்குப் புத்தகமே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்; ஆனாலும், எதிரியைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கும் வழி அடைபட்டது.

1880ஆம் ஆண்டுச் சட்டம் கடனுக்காகச் சிறையிடுவதைப் பெரும்பாலும் ஒழித்தது. அதில் விட்டுவைக்கப்பட்ட சில விலக்குகளுள் ஒன்று, விந்தையாக, இதே அலிமென்ட். கைதியை வெளியே விட்ட சொல்லே, மனைவி மக்களுக்குத் தர வேண்டியதைத் தராதவரை உள்ளே தள்ளும் சொல்லாயிற்று. இரண்டாண்டுகளில், 1882இல், வேண்டுமென்றே தராதவருக்கு மட்டுமே சிறை, அதுவும் 6 வாரங்களுக்கு மேற்படாமல், என்று வரம்பு வகுத்தார்கள்.

குடும்பத்துக்குள் இக்கடமை முன்பு பரந்து கிடந்தது. பெற்றோர் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல், வறுமையுற்ற பெற்றோருக்குப் பிள்ளைகளும் கடமைப்பட்டிருந்தார்கள். தாத்தா பாட்டி வரைக்கும் அது நீண்டது. 1985ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் அந்த வட்டத்தைச் சுருக்கி, கணவன் மனைவி, பெற்றோரிடமிருந்து பிள்ளை, தம் குடும்பத்துப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட குழந்தை என்ற அளவில் நிறுத்தியது. ‘சூழ்நிலைக்கு ஏற்ற நியாயமான ஆதரவு’ என்பதே அச்சட்டம் அலிமென்ட்டுக்குத் தரும் பொருள். பிள்ளைக்கு 18 வயது வரை இது உண்டு. படிப்பு தொடர்ந்தால் 25 வரை நீளலாம். முதுமையடைந்த தாய்தந்தையர் தம் மக்களிடம் இதைக் கோரும் வழி அச்சட்டத்தோடு முடிந்துபோனது.