பின்னேரம் ஏசி ஓடுற வீடா? 3.9 சதம் பிளானுக்குப் போகாதேங்கோ!

வணக்கம் உறவுகளே. கனடா ஒன்ராறியோவில, எங்கட ஸ்காபரோவில வெக்கை தொடங்கீட்டுது, ஹைட்ரோ பில், அதுதான் கரண்ட் பில் கதையும் தொடங்கீட்டுது. இந்தக் கிழமை வந்த கேள்வி முழுக்க ஒண்டுதான்: "அல்ட்ரா லோ ஓவர்நைட் எண்ட கரண்ட் பிளானில இரவில யூனிட் 3.9 சதமாமே, மாறுவமோ?" எனக்குச் சரியான கோபம். 3.9ஐச் சொல்லுற ஆக்கள் 39.1ஐச் சொல்லீனமில்லை!

அல்ட்ரா லோ ஓவர்நைட் பிளானில இரவு 11 இல இருந்து விடிய 7 மட்டும் 3.9 சதம், உண்மைதான். ஆனா கிழமை நாளில பின்னேரம் 4 இல இருந்து இரவு 9 மட்டும் 39.1 சதம். 2025 நவம்பர் 1 இல வந்த விலை இது. அந்த நேரம்தான் பிள்ளையள் வீட்டில, அடுப்பில புட்டு, மேற்குச் சுவர் கொதிக்குது.

கணக்கைப் பாருங்கோ. மூண்டு டொன் (குளிராக்கிற திறன்ர அளவு) சென்ட்ரல் ஏசி ஓடேக்க மூண்டு கிலோவாட் அளவில இழுக்கும். 4 இல இருந்து 9 மட்டும் விடாம ஓடினா 15 யூனிட் (கிலோவாட் மணி), அல்ட்ரா லோவில 5 டொலர் 87 சதம். நேரத்துக்கு நேரம் விலை மாறுற வழமையான டைம் ஒஃப் யூஸ் பிளானில 5 மணி மட்டும் 20.3 சதம், 7 மட்டும் 15.7, அதுக்குப் பிறகு 9.8. கூட்டினா 2 டொலர் 14 சதம். ஒரு பின்னேரத்துக்கு 3 டொலர் 73 சதம் வித்தியாசம்! அதை இரவு மலிவில திருப்பி எடுக்க 63 யூனிட் ஓடோணும். பகல் 11 இல இருந்து 4 மட்டும் அல்ட்ரா லோவில டைம் ஒஃப் யூஸை விட யூனிட்டுக்கு 4.6 சதம் குறைவுதான், ஆனா அது இந்த ஓட்டையை அடைக்காது. இரவில மின்சாரக் கார் சார்ஜ் பண்ணுற வீட்டுக்கு அருமையான பிளான். மற்ற ஆக்கள் கிட்டவும் போகாதேங்கோ.

டைம் ஒஃப் யூஸில இருக்கிற ஆக்கள் கவனியுங்கோ. மே 1 இல இருந்து ஒக்டோபர் 31 மட்டும் கிழமை நாளில உச்ச விலை பகல் 11 இல இருந்து 5 மட்டும். 5 மணி அடிச்ச உடன ட்ரையரைப் போடுறது பிழை, 7 மட்டும் பொறுங்கோ.

தெர்மோஸ்டாட்டில விடிய 5 மணிக்கு 22 பாகை, 7 மணிக்கு 24, 11 மணிக்கு 26 எண்டு வையுங்கோ. மலிவு நேரத்திலயே வீடு குளிர்ந்திடும். இரவு 7 மணிக்கு மலிவு தொடங்குது எண்டு 24 போட்டா ஒரு சிக்கல் இருக்கு. கன தெர்மோஸ்டாட்டில ஸ்மார்ட் ரிக்கவரி எண்டு ஒண்டு இருக்கு. 7 மணிக்கு 24 கேட்டா, 7 மணிக்கு 24 ஆக இருக்கோணும் எண்டு அது 6.30 இக்கே ஏசியைப் போட்டுடும்! நாள்தோறும் அரை மணித்தியாலம் 15.7 சதத்தில ஓடும், உங்களுக்குத் தெரியவும் வராது. செட்டிங்ஸில போய் அதை நிப்பாட்டுங்கோ. நிப்பாட்ட வழியில்லாட்டி 7.30 எண்டு போடுங்கோ. அதோட ஹோல்ட், அதாவது ஒரே பாகையில பிடிச்சு வைக்கிறது! ஆராவது மேல கீழ அம்புக்குறியை அமத்தினா, சில மொடலில நிரந்தர ஹோல்ட் விழுந்திடும், நீங்கள் போட்ட நேரம் ஒண்டும் வேலை செய்யாது. ஹோல்ட் அடுத்த நேரமாற்றம் மட்டும்தான் எண்டு மாத்தி விடுங்கோ.

ஓ, சொல்ல மறந்திட்டன், சனி ஞாயிறும் கனடா டே மாதிரி விடுமுறையும் டைம் ஒஃப் யூஸில முழுநாளும் 9.8 சதம் தான். உடுப்புத் தோய்க்கிறதை அண்டைக்கு வையுங்கோ.

இன்னொண்டு, ஜூனில கொட்டன்வுட் மரப்பஞ்சு பறந்து ஏசியின்ர வெளிப்பெட்டித் தகட்டில கம்பளி மாதிரி ஒட்டும். காத்து போகாட்டி ஏசி கூட நேரம் ஓடும். பக்கத்துச் சுவரில இருக்கிற டிஸ்கனெக்ட்டை (ஏசிக்குப் போற கரண்டை வெட்டுற கட்டை) இழுத்து கரண்டை நிப்பாட்டிப்போட்டு, தண்ணிக் குழாயால மெதுவா, மேல இருந்து கீழ கழுவுங்கோ. பிரஷர் வோஷர் வேண்டாம், தகடு மடங்கிடும்.