தண்டல் அட்டையும் குழு லோனும்

(தண்டையார்பேட்டையில் மகளிர் குழுக்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமார்களே, தங்கச்சிகளே, வணக்கம். பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிற அக்காவுக்குக் கையில் முதல் வேண்டும். அந்த முதல் பெரும்பாலும் தண்டலில், அதாவது தினம் தினம் வந்து வசூலிக்கிற கடனில், வருகிறது. அட்டையில் 10,000 என்று எழுதிவிட்டுக் கையில் 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். "ஆயிரத்தைந்நூறுதானே போவுது" என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் நம் கையில் இருந்ததா? மறுநாளே கட்ட ஆரம்பித்துவிட்டோம். சராசரி பார்த்தால் கையில் நின்றது அதில் பாதிதான். பாதிப் பணத்துக்கு, மூன்று மாதம் சொச்சத்துக்கு, 1,500 வட்டி. வருடக் கணக்காகப் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

தண்டல்காரரைத் திட்டுவது சுலபம். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆதார் கேட்காமல் பணம் தருகிறவர் அவர்தான். அதை மறந்துவிட்டுப் பேசினால் நீங்களே என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

நம் குழு லோன் மாதிரி ஏழைகளுக்குக் கொடுக்கிற சின்னக் கடனுக்குச் சிறுகடன் என்று பெயர். சிறுகடன் என்றாலே வங்கதேசத்து முகமது யூனுஸைச் சொல்வார்கள். 1976-இல் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தமே 27 டாலர் கொடுத்து ஆரம்பித்தார். 2006-இல் அவர் தொடங்கிய கிராமீன் வங்கிக்கும் அவருக்கும் அமைதிக்கான நோபல் பரிசு. நல்லது. ஆனால் நம் ஊர்க் கதையை ஏன் யாரும் சொல்வதில்லை? 1978-இல் இதே சென்னையில் ஜெயா அருணாசலம் 800 பெண்களைச் சேர்த்து வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்ற உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். பூ விற்கிறவர்கள், இட்லிக் கடை போடுகிறவர்கள், காய்கறிக் கூடைக்காரிகள். முதலில் அரசு வங்கிகளில் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். பாரம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, நாலு தடவை அலைந்தால் ஒரு நாள் வியாபாரம் போச்சு. அப்புறம்தான் 1981-இல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கமே ஆரம்பித்தார்கள்.

சரி, கடன் கொடுத்தால் வறுமை போய்விடுமா? அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ என்ற பொருளாதார அறிஞர்களின் குழுவினர் ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, பாதியில் மட்டும் சிறுகடன் கிளை முதலில் திறக்க வைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்களில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிலருக்கு லாபம் கூடியது. ஆனால் சராசரிக் குடும்பத்தின் செலவு உயரவில்லை. பிள்ளைகள் படிப்பிலும், வீட்டில் பெண்ணின் பேச்சு எடுபடுவதிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஒரே தெருவில் பத்துப் பேர் லோன் எடுத்து பத்துப் பேரும் இட்லிக் கடை போட்டால், சாப்பிடுகிறவர் எங்கிருந்து வருவார்?

அதே கடன் கழுத்தையும் நெரிக்கும். ஒரு குழுவின் டியூவைக் கட்ட இன்னொரு குழுவில் எடுப்பது, அதைக் கட்ட மறுபடி தண்டல். 2010-இல் ஆந்திராவில் இது வெடித்து, அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டது. வாசலில் வந்து அசிங்கமாகப் பேசி வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் நம் தமிழ்நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருத்தி கட்டவில்லை என்று மற்ற நாலு பேரை அவள் வீட்டு வாசலில் உட்கார வைக்கிறார்களே, கூட்டுப் பொறுப்பு என்று அதற்குப் பெயர்! எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

லிஜ்ஜத் அப்பளம் தெரியும்தானே? 1959-இல் மும்பையில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன். அங்கேயும் கடன்தான். ஆனால் ஏழு பேரும் ஏழு அப்பளக் கடை போடவில்லை. காலையில் வந்து பிசைந்த மாவை வாங்கிப் போவார்கள், வீட்டில் தேய்த்துக் காயவைத்து மறுநாள் எடைபோட்டுக் கூலி வாங்குவார்கள். கடைக்கு விற்கும் கவலை அவரவர் தலையில் இல்லை. அதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். லாபமும் அவர்களுக்கே, ஏனென்றால் முதலாளிகளே அவர்கள்தான்.

காசிமேட்டு அக்காவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மத்தியானம் வெயில் ஏறினால் அவள் பாதி விலைக்கு மீனைத் தள்ளுகிறாள். இன்னொரு லோன் எடுத்து இன்னொரு கூடை வாங்கினால் அதையும் பாதி விலைக்குத்தான் தள்ளுவாள். அவளுக்கு வேண்டியது ஐஸ். இருபது பேர் சேர்ந்து ஒரு பெரிய ஐஸ் பெட்டியும், மீனைக் கழுவி வெட்டிக் கொடுக்க நிழலான ஒரு இடமும், ஹோட்டல்களுக்குப் போட ஒரு வண்டியும் வைத்தால், அதற்கு எடுக்கிற லோனுக்கு அர்த்தம் உண்டு. விற்காமல் மீந்ததைக் கருவாடு போடலாம், அதற்கும் கூட்டாகத்தான் இடம் பிடிக்க வேண்டும். சுலபம் என்று சொல்ல மாட்டேன். இருபது பேர் கணக்கை யார் எழுதுவது என்பதிலேயே முதல் சண்டை வரும்.

அடுத்த சனிக்கிழமை இதே இடத்தில் உட்காருவோம். வரும்போது தண்டல் அட்டை, குழு பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கியதும் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், வெளியே சொல்ல மாட்டேன். ஐஸ் பெட்டி என்ன விலை என்று நான் விசாரித்து வருகிறேன்.