மயக்க டாக்டர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

(குமரி மாவட்டம் தக்கலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மூளையில் ஆபரேஷன் என்றதும் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "யார் செய்கிறார்?" அடுத்தது, "ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலேயே முடியுமா, திருவனந்தபுரம் போகணுமா?" மயக்கம் கொடுப்பவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மயக்க டாக்டரான எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் முந்தைய நாள் சாயங்காலம் அவர் கட்டில் பக்கம் வந்து விசாரிக்கும்போது, "எல்லாத்தையும் பெரிய டாக்டரிடம் சொல்லியாச்சே" என்று சலித்துக்கொள்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

மண்டையோடு சிரட்டை மாதிரி, விரியாது. உள்ளே சுமார் 80 சதவீதம் மூளை. மீதி ரத்தமும், மூளையைச் சுற்றியுள்ள நீரும். கட்டி வளர்ந்தாலோ, பைக்கில் விழுந்து ரத்தம் கட்டினாலோ இடம் போதாமல் அழுத்தம் ஏறும். சாதாரணமாக அது 15 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாது. ஏற ஏற, இதயம் அனுப்பும் ரத்தம் மூளைக்குள் நுழையத் திணறும்.

இங்கேதான் எங்கள் வேலை. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். அந்த வாயுவின் அழுத்தம் 1 மில்லிமீட்டர் பாதரசம் மாறினாலே மூளைக்குப் போகும் ரத்தம் 3, 4 சதவீதம் மாறிவிடும். அப்படியானால் வென்டிலேட்டரில் மூச்சை வேகமாக்கினால் மூளை சுருங்கி இடம் கிடைக்குமே? கிடைக்கும். அளவு மீறினால் ரத்தமே போதாமல் மூளை பட்டினி கிடக்கும். அதனால் ஆபரேஷன் முடியும்வரை அந்த எண்ணின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். தலையைச் சற்று உயர்த்தி, கழுத்து திருகாமல் படுக்க வைப்பதும் இதற்காகத்தான். கழுத்து மடங்கினால் மூளையிலிருந்து ரத்தம் சரியாகக் கீழே இறங்காது. மானிட்டால் என்ற மருந்து ஏற்றினால் மூளையிலிருந்து நீரை உறிஞ்சிச் சிறுநீராக வெளியேற்றும். மூத்திரக் குழாய் எதற்கு என்று கேட்பீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். பிரஷர் மாத்திரை உண்டா? பல வருடமாகப் பிரஷர் இருப்பவரின் மூளை அந்த அழுத்தத்துக்கே பழகியிருக்கும். மற்றவருக்குப் போதுமான அளவு அவருக்குப் போதாமல் போகலாம். வலிப்பு மாத்திரை உண்டா? ஃபெனிட்டாயின் தொடர்ந்து சாப்பிடுபவருக்கு, தசையைத் தளர்த்த நாங்கள் போடும் மருந்துகள் பலவும் சீக்கிரம் வேலை விட்டுவிடும். தலையை ஊசிகளால் கவ்விப் பிடித்து வைத்திருக்கும்போது ஆள் அசைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வலிப்பு மாத்திரையை ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கச் சொல்வது வழக்கம். பயத்தில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

குடிப்பழக்கம் பற்றிக் கேட்டால் பக்கத்தில் மனைவி நிற்கிறார் என்று, "எப்பவாவது" என்கிறார்கள். தினமும் குடிப்பவருக்குத் திடீரென்று நின்றால், இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் உளறலும் வரும், வலிப்பும் வரலாம். மூளையில் மறுபடி ரத்தம் கசிகிறதோ என்று நாங்கள் ஸ்கேனுக்கு ஓடுவோம். தனியாகவாவது சொல்லிவிடுங்கள். நாட்டு வைத்தியசாலை மருந்தும் அப்படித்தான். வர்மமும் சித்தமும் வேரோடிய மாவட்டம் இது. டாக்டர் கோபிப்பார் என்று மறைக்க வேண்டாம், என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரிந்தால் போதும்.

ஆடுகிற பல், வாய் எவ்வளவு திறக்கும், இதெல்லாம் மூச்சுக்குழாய்க்கு டியூப் போடுவதற்காக. தலையில் ஆபரேஷன் என்றால் முகம் முழுக்கத் துணிக்கு அடியில் போய்விடும். டியூப் நடுவில் நழுவினால் அதை எட்டிப் பிடிப்பதே பெரும்பாடு. நம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த சாமர்வெல் 1924-இல் எவரெஸ்டில் தொண்டை அடைத்து மூச்சு முட்டியவர். இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி அடைப்பைத் துப்பி உயிர் தப்பினார். மயக்கத்தில் கிடப்பவருக்கு அந்த வழியும் கிடையாது.

பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவரை நாலுபேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுவதை இன்னும் பார்க்கிறோம். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே தண்டுவடம் நசுங்கலாம். நாங்கள் டியூப் போடும்போதுகூட ஒருவர் கழுத்தை அசையாமல் பிடித்திருப்பார். சிலருக்கு விழித்திருக்கும்போதே கேமரா வைத்துப் போடுவோம். கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி பலகையில் கிடத்திக் கொண்டுவாருங்கள்.

விழித்திருக்கும்போதே மூளை ஆபரேஷனும் உண்டு. மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலுக்கும் மூளையின் மேலுறைக்கும்தான் தெரியும், அங்கே மரத்துப்போக ஊசி போட்டுவிடலாம். பேச்சுக்கான இடத்தருகே கட்டி என்றால், நோயாளி பேசிக்கொண்டிருக்க, எந்தப் பகுதியைத் தொடக்கூடாது என்று சர்ஜன் பார்த்துப் பார்த்து எடுப்பார். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைப் பக்கத்துக்காரர் என்றால் தமிழ், மலையாளம் இரண்டிலும் பேச வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மொழி பிழைத்து மற்றது தடுமாறவும் கூடும்.

மற்றவர்களை ஆபரேஷன் முடிந்ததும் கூடியமட்டும் சீக்கிரம் எழுப்பப் பார்ப்போம். புரோப்போஃபால் போல வேகமாக உடலை விட்டு நீங்கும் மருந்துகளை விரும்புவது அதனால்தான். பெயர் சொல்கிறாரா, இரண்டு கையையும் தூக்குகிறாரா என்று பார்க்க வேண்டும். எதிர்பார்த்தபடி எழவில்லை என்றால் ஸ்கேனுக்குக் கொண்டுபோவோம். "பிள்ளைக்குப் போதம் வந்துதா மக்களே?" என்று வாசலில் நிற்கும் அம்மாக்கள் கேட்பார்கள். சிலரை வேண்டுமென்றே ஒன்றிரண்டு நாள் தூக்கத்தில் வைத்திருப்பதும் உண்டு. அதை முதலிலேயே வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும், இது டாக்டர்களான எங்களுக்கு நான் சொல்லிக்கொள்வது.

கடைசியாக, இங்கே வரும் வழியில் ஒருவர் கேட்டார், ஆபரேஷன் அன்று காலையில் சாயா குடிக்கலாமா என்று. பொதுவாகப் பால் சேர்த்தது என்றால் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், பாலில்லாத கட்டன் சாயா 2 மணி நேரம் முன்புவரை. ஆனால் மண்டைக்குள் அழுத்தம் கூடியவருக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகும், வாந்தியும் இருக்கும். அவருக்கு எத்தனை மணி என்பதை அந்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாயாவைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள்.