பாசி எடுக்குற கையும் பழனிகுமாரோட கேமராவும்

[திரையில: துணி சுத்துன அஞ்சு விரலு, க்ளோசப்]

இந்தக் கைய பாருங்க. எங்கம்மா கை. பழைய சேலைய நீளநீளமா கிழிச்சு ஒவ்வொரு விரல்லயும் சுத்தியிருக்காங்க, ஏன்னா மரிக்கொழுந்துங்கிற கடல்பாசி பாறையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், பிச்சா பாறை விரல கிழிச்சிரும். விடியக்காலைல வத்தையில, அதான் சின்ன படகுல போயி, கண்ணுக்கு மாஸ்க்க மாட்டிக்கிட்டு, வலைப்பைய இடுப்புல கட்டிக்கிட்டு, மூச்ச அடக்கி முங்குவாங்க, ஆக்சிஜன் சிலிண்டர்லாம் கெடையாது. எடுக்குற பாசி அகர் செய்ய போகுது, ஜெல்லி மாதிரி கெட்டியாக்குற பொருளு அது. அன்னைக்கு கெடைச்ச பாசிய பாடுன்னு சொல்வோம்.

எங்க ராமநாதபுரம் கடற்கரைக்கு கேமராவோட வர்றவங்க பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடியையும் எடுத்துட்டு கெளம்பிருவாங்க. புகைப்படக்காரர் பழனிகுமார் மட்டும் திருப்புல்லாணி பக்கம் பாரதிநகருக்கு வந்து, பாசி எடுக்குற பொம்பளைங்களோட கடலுக்கே போயி படம் எடுத்தாரு. 2019ல கிராமத்து இந்தியாவ பதிவு பண்ணுற பாரி (PARI) இணையதளத்துல வந்துச்சு.

மதுரை பக்கம் ஜவஹர்லால்புரம்தான் அவரு ஊரு. அம்மா மீன் விக்கிறவங்க. எனக்கென்னமோ அவரு பார்வையே அங்கருந்துதான் வருதுன்னு தோணுது, மீன் கூடைய தூக்குற அம்மாவ பாத்து வளந்தவருக்கு உழைக்கிறவங்க உடம்ப எப்படி பாக்கணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. மலக்குழி வேலை பாக்குறவங்கள பத்தி 2017ல வந்த கக்கூஸ் ஆவணப்படத்துக்கு கேமரா அவருதான். அந்த வேலையில அப்பாவ பறிகொடுத்த பிள்ளைங்களயும் தொடர்ந்து படம் எடுத்திருக்காரு. 2022ல புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பேருல பாரி கொடுத்த முதல் ஆவணப் புகைப்பட விருது அவருக்குத்தான்.

ஸ்டைல்னு கேட்டீங்கன்னா, அவரு படத்துல ஆளு கூனிக்குறுகி இருக்காது. வேலைக்கு வேண்டிய மாஸ்க், செருப்பு, விரல்ல சுத்துற துணி, எல்லாமே தெரியும். ஐயோ பாவம்னு நெனைக்க விடாம, இவ்வளவு வித்தை தெரிஞ்ச ஆளுக்கு ஏன் இவ்வளவு கொறைஞ்ச காசுன்னு கேக்க வைக்கும். மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986லருந்து தேசியப் பூங்கா, தீவுப்பக்கம் போனா தடுப்பாங்கங்கிற பயத்தோடதான் எங்க பொம்பளைங்க இன்னைக்கும் கடல்ல எறங்குறாங்க, அவங்கள தொழிலாளின்னு முகத்தோட காட்டுன படம் எங்களுக்கு சின்ன விசயம் இல்ல.

போன வாரம் போன்ல அந்தப் படங்கள அம்மாட்ட காட்டுனேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் வெரலால படத்த பெருசாக்கி, பைய பாத்துட்டு, "அன்னைக்கு நல்ல பாடு போலடா"ன்னாங்க.