நக்கிப் பார்த்தால் போதும்

(காட்சி: மாடித் தோட்டம், போன புரட்டாசியில் எடுத்தது. கயிற்றுப் பந்தலில் ஆரஞ்சு நிறத்தில் வெடித்துத் தொங்கும் ஒரு பாகற்காய்.)

வணக்கம். இது கெட்டுப்போன காய் இல்லை, பறிக்க மறந்த காய். பாகற்காயைப் பச்சையில் பறிக்காமல் கொடியிலேயே விட்டால் மஞ்சளாகும், ஆரஞ்சாகும், பிறகு நுனியிலிருந்து பிளந்து பூ விரிந்த மாதிரி மடங்கிக்கொள்ளும். உள்ளே ஒவ்வொரு விதையையும் சுற்றி ரத்தச் சிவப்பாக, வழவழவென்று ஒரு சதை இருக்கும். அதை நாக்கில் வைத்தால் இனிக்கும். பாகற்கொடியில் இனிப்பா என்று எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை.

என் மகள் பாகற்காயை முதன்முதலாக வாயில் வைத்தது இப்படித்தான். அப்போது அவளுக்கு நான்கு வயது. விதையை நான் எடுத்துவிட்டு, சதையை மட்டும் விரல் நுனியில் தடவிக் கொடுத்தேன். விதை உள்ளே போகக் கூடாது. அது வயிற்றுக்கும் ஆகாது, தொண்டையிலும் சிக்கும். நக்கினாள். இன்னும் கேட்டாள். அன்று ராத்திரியே தட்டில் வைத்த பாகற்காய்ப் பொரியலையும் சாப்பிட்டாள் என்று சொல்லத்தான் ஆசை. தொடவே இல்லை.

வீட்டில் தோட்டம் போட்டால் பிள்ளை காய்கறி சாப்பிட ஆரம்பித்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் இந்த வீடியோ.

(காட்சி: தட்டு. ஒரு சின்னக் கை கீரையை ஓரத்துக்குத் தள்ளுகிறது.)

ஒரு வயதில் எதை ஊட்டினாலும் வாயைத் திறந்த குழந்தை, இரண்டு வயது தாண்டியதும் வாயை இறுக்கிக்கொள்ளும். நேற்று வரை தின்ற கேரட்டே இன்றைக்கு ஆகாது. இந்தப் பிடிவாதம் ஏறத்தாழ இரண்டிலிருந்து ஆறு வயது வரைதான் உச்சத்தில் இருக்கும். இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம் எனக்குப் பிடிக்கும். நடக்கத் தெரிந்துவிட்ட குழந்தை, அம்மா கண்ணில் படாமல் கண்ட செடியையும் பிடுங்கித் தின்னலாம். தெரியாததை வாயில் வைக்கப் பயப்படுவது அந்த வயதுக்கு ஒரு காவல். கசப்பும் அப்படித்தான். செடிகளில் உள்ள நச்சுப் பொருள்கள் பலவும் கசக்கும், அதனால் பிறந்த குழந்தைகூடக் கசப்புக்கு முகம் சுளிக்கும். போதாததற்கு, கசப்பை உணரும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். உங்களுக்கு லேசாகக் கசக்கிற கீரை உங்கள் பிள்ளைக்கு வேப்பிலையாக இருக்கலாம். அதை அடம் என்று சொல்லி முதுகில் ஒன்று வைப்பது நியாயமில்லை.

சரி, பயம் எப்படிப் போகும்? பழகினால் போகும். 1982-இல் அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் ஓர் ஆய்வை வெளியிட்டார். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத பாலாடைக்கட்டிகளையும் பழங்களையும் கொடுத்துப் பார்த்தார். சிலவற்றைச் சில தடவை, சிலவற்றை 20 தடவை வரை. எதை அதிகத் தடவை ருசி பார்த்தார்களோ, அதுவே அவர்களுக்குப் பிடித்துப்போனது. நாமோ மூன்று தடவை வைத்துவிட்டு, "இவளுக்குப் பாகற்காய் பிடிக்காது" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறோம். அவள் காதுபடவே.

அவரே 1987-இல் இன்னொன்றையும் கண்டார். உணவைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் மட்டும் ருசி பிடித்துவிடாது, நாக்கில் படவேண்டும். தோட்டத்தைப் பற்றி நான் சொன்ன மீதிப் பாதி இதுதான். செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் பிள்ளைக்குச் செடி பிடிக்கும். காய் பிடிக்க வேண்டுமென்றால் அது வாய்வரை போகவேண்டும். மூன்று மணி நேரம் பந்தலடியில் விளையாடிய குழந்தை, தட்டைப் பார்த்ததும் ஓடிப்போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் தட்டில் இல்லாத ஒரு வசதி செடியில் இருக்கிறது. அங்கே யாரும் "சாப்பிடு" என்று சொல்வதில்லை. கடித்துத் துப்பலாம். ஒரு நாளைக்கு நான்கு தடவை நக்கலாம். அத்தனையும் கணக்கில் சேரும்.

(காட்சி: தேங்காய்ச் சிரட்டையில் முளைத்த வெந்தயம்.)

முதலில் வெந்தயத்திலிருந்து தொடங்குங்கள். பொறுமை இல்லாத வயது, அதற்கு ஏற்ற செடி. ராத்திரி ஊறவைத்துத் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும், இரண்டு வாரத்துக்குள் சப்பாத்தி மாவில் கிள்ளிப் போடலாம். மண் கலவைக்குப் பெரிய ரகசியம் கிடையாது. செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு.

அப்புறம், முடக்கத்தான். இதை ஏன் யாரும் குழந்தைகளுக்குக் காட்டுவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. பச்சைப் பலூன் மாதிரி காய்கள், அழுத்தினால் பட்டென்று வெடிக்கும். காய்ந்ததைப் பிரித்தால் உள்ளே கறுப்பு விதை, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஓர் இதய வடிவம், யாரோ பெயிண்டால் வரைந்த மாதிரி. என் மகள் இந்த விதைகளைச் சேர்ப்பதற்காகவே மாடிக்கு வருவாள். இலையை அரிசியோடு அரைத்து முடக்கத்தான் தோசை சுட்ட அன்று, "இது என் பலூன் இலையா?" என்று கேட்டாள். தெரிந்த ஆள் தோசைக்குள் வந்திருக்கிறாரே! அரைத் தோசை உள்ளே போனது. கொஞ்சம் கசப்பு இருந்தது, அவளும் சொன்னாள், ஆனாலும் போனது.

வெண்டையும் நல்ல செடி. நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்த மஞ்சள் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடும். அதிலிருந்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கலாம், குழந்தை விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்கு. பிஞ்சைக் கழுவி அப்படியே கடிக்கக் கொடுங்கள். வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று என் அம்மாவும் சொல்லித்தான் ஊட்டினார். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அதற்கு எதிர்ச்சாட்சி.

(காட்சி: சமையலறைத் தரை. முறத்தில் முருங்கைக்கீரை.)

மாடியிலிருந்து அடுப்படிக்கு. நான்கு வயதுக் கைக்கு வேலை நிறைய இருக்கிறது: முருங்கைக்கீரை உருவுவது, பட்டாணி உரிப்பது, பூரி மாவை உருட்டுவது, மோர் கடைவது. தாளிக்கும் நேரத்தில் மட்டும் பிள்ளை அடுப்புப் பக்கமே வேண்டாம். பச்சை மிளகாயும் வேண்டாம், அந்தக் கை நேராகக் கண்ணுக்குத்தான் போகும். முழு நிலக்கடலை, கெட்டியான பச்சைக் கேரட் துண்டு, முழுத் திராட்சை இவை சின்னப் பிள்ளைகளின் தொண்டையை அடைத்துவிடும். திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள்.

பாகற்காய்க்கு வருவோம். நறுக்கி உப்புப் போட்டுப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள், பிறகு பிழியுங்கள். கசப்பு நீர் கொஞ்சம் வெளியேறும், மிச்சக் கசப்பை உப்பு நாக்கில் அமுக்கிவிடும். பிட்லையில் புளியும் துவரம்பருப்பும் தேங்காயும் ஒரு துண்டு வெல்லமும் சேர்வது சும்மா இல்லை. சித்திரை ஒன்றாம் தேதி மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தோடு வேப்பம்பூவைப் போட்டு, வீட்டில் பேச்சு வந்த பிள்ளை முதல் பல் போன பாட்டி வரை எல்லோருக்கும் ஒரு கரண்டி வைக்கிறோமே, அதுவும் கசப்பை இனிப்பின் கையைப் பிடித்து அழைத்து வருகிற வேலைதான். வருடத்துக்கு ஒரு நாளோடு அதை நிறுத்திக்கொள்வதுதான் நம் தவறு.

ஒன்றே ஒன்று செய்யாதீர்கள். "பாகற்காய் சாப்பிட்டா சாக்லேட்." இதைக் கேட்கும் குழந்தைக்குப் புரிவது, சாக்லேட்தான் பரிசு, பாகற்காய் தண்டனை என்பது. என் வீட்டிலும் இது நடந்தது, நானே செய்தேன். சாக்லேட் மேல்தான் ஆசை கூடியது. போனைக் காட்டி ஊட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. நிலாவைக் காட்டி ஊட்டவில்லையா என்று என் மாமியார் கேட்டார். நல்ல கேள்வி. நிலா அசையாது, பாட்டு மாற்றாது. குழந்தை சோற்றையும் அம்மா முகத்தையும் பார்க்கும். போனில் கண் போனால் வாயில் விழுவது சோறா சுண்ணாம்பா என்று தெரியாது.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளரின் வேலைப் பங்கீடு எளிமையானது. என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் பெரியவர் பொறுப்பு. சாப்பிடலாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. "காக்காய்க்கு ஒரு வாய், அத்தைக்கு ஒரு வாய்" என்று வளர்ந்த நமக்கு இது ரொம்பக் கஷ்டம். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகினேன்.

(காட்சி: சமையலறை நாட்காட்டியில் பென்சில் கோடுகள்.)

பாகற்காய் நாக்கில் பட்ட ஒவ்வொரு தடவையும் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டோம். துப்பியதும் கோடுதான். பதினொன்றாவது கோட்டில் வறுவலில் இரண்டு வில்லை சாப்பிட்டாள். மறுநாள் "வேண்டாம்" என்றாள். அடுத்த வாரம் ஒன்று. இப்போது அது வேண்டாம் என்றால் வேண்டாம், வேண்டும் என்றால் வேண்டும், கத்தரிக்காய் மாதிரி.

ஆரஞ்சு நிறத்தில் வெடித்த அந்தப் பாகற்பழத்தின் விதைகளைக் கழுவி, நிழலில் காயவைத்து, ஆறு விதையை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தினமும் தீப்பெட்டியை ஆட்டிப் பார்க்கிறாள், ஆறும் இருக்கிறதா என்று.