நோவா மங்கும் நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வானத்தில் ஒரு நோவா, அதாவது திடீரென்று பிரகாசமாகும் ஒரு நட்சத்திரம், தோன்றினால் பத்திரிகையில் செய்தி வரும், இரண்டு நாள் பேசுவோம், அப்புறம் மறந்துவிடுவோம். நான் பேச வந்தது அந்த இரண்டு நாளுக்குப் பிறகு நடப்பதைப் பற்றி. நோவா பெரும்பாலும் சில நாளில் ஒளியின் உச்சிக்கு ஏறிவிடும். இறங்குவதற்கு மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஆண்டுகள்கூட ஆகும்.

நோவா என்பது புதிதாகப் பிறந்த நட்சத்திரம் இல்லை. வெள்ளைக் குள்ளன் என்று சொல்லும், எரிந்து சுருங்கிய பழைய நட்சத்திரம் அது. பக்கத்துத் துணை நட்சத்திரத்தின் ஹைட்ரஜன் அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். படிந்தது ஒருநாள் பற்றிக்கொண்டு வெளியே வீசப்படும். அடுப்பில் பால் பொங்கி வழிகிறதே, அதைப் போல. பால் வழிந்தாலும் பாத்திரம் இருக்கும் இல்லையா? அந்த நட்சத்திரமும் அப்படியே இருக்கும்.

இந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு ராதா கோவிந்த சந்திராவைச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஜெஸ்ஸூர்தான் அவர் ஊர். பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தோற்றவர். அரசுக் கருவூலத்தில் நாணயம் சரிபார்க்கும் வேலை. பகலெல்லாம் நல்ல காசு எது, செல்லாத காசு எது என்று பார்த்த அந்தக் கண், இரவில் நட்சத்திரம் பார்த்தது. 1918 ஜூன் மாதம், நம் திருவோண நட்சத்திரம் இருக்கும் கழுகு மண்டலத்தில், அதுவரை இல்லாத ஒளி ஒன்றைக் கண்டார். உச்சத்தில் அதைவிடப் பிரகாசமாக இரவு வானில் இருந்த நட்சத்திரங்கள் சிரியஸும் கனோபஸும்தான். உலகில் பலர் அதே நாட்களில் அதைத் தாமாகவே கண்டார்கள். இரண்டு வாரத்துக்குள்ளேயே அதன் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிட்டது. சந்திரா அதைக் கவனித்து எழுதிய குறிப்புகள் அமெரிக்காவில் ஹார்வர்டு வரை போயின. மாறும் நட்சத்திரங்களைப் பார்ப்பவர்களின் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1926-ல் அங்கிருந்து ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று கப்பலேறி அவரிடம் வந்தது. ஊர்க் கருவூலத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு! அவர் மொத்தம் 37,000-க்கும் மேற்பட்ட ஒளி அளவீடுகளை அனுப்பினார். அந்தத் தொலைநோக்கி பிறகு வானியலாளர் வைனு பாப்புவின் கைக்குப் போய், நம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானோக்கு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. காவலூர் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான்.

சரி, அளவீடு என்றேனே, அது எப்படி? கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். நோவாவுக்குப் பக்கத்தில், ஒளி எவ்வளவு என்று ஏற்கெனவே தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நோவாவைவிடக் கொஞ்சம் பிரகாசம், மற்றது கொஞ்சம் மங்கல். நோவா இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று மதிப்பிட்டு, தேதியும் மணியும் சேர்த்து எழுத வேண்டும். ஒப்பிடும் படத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒளியையும் ஓர் எண்ணால் குறிப்பார்கள்; 5.8 என்பதை வெறும் 58 என்றுதான் அச்சிடுவார்கள். புள்ளி வைத்தால் அதையும் ஒரு நட்சத்திரம் என்று நினைத்துவிடுவோம். இன்னொன்று, இதில் எண் கூடினால் ஒளி குறைகிறது என்று பொருள்.

2013 ஆகஸ்டில் ஜப்பானின் இதாகாகி என்பவர் ஒரு நோவாவைக் கண்டுபிடித்தார். நம் அவிட்டத்துக்குச் சற்று வடமேற்கே. அதை மாடியிலிருந்து பைனாகுலரில் இரவுதோறும் பார்த்தேன். முதல் வாரம் பெரிய தவறு செய்தேன். நேற்று என்ன எழுதினோம் என்று நோட்டைப் பார்த்துவிட்டு மேலே போவேன். மங்கியிருக்க வேண்டும் என்று மனம் முன்பே முடிவு செய்துவிடும், கண்ணும் அப்படியே பார்க்கும். பிறகு நோட்டைக் கீழேயே வைத்துவிட்டு, துண்டுச் சீட்டில் எழுதினேன். மேகம் மூடிய இரவில் 'மேகம்' என்று மட்டும் எழுதினேன். செப்டம்பரில் அது வெறும் கண்ணுக்கு எட்டாமல் போனது.

தினமும் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1934 டிசம்பரில், எரிகல் பார்க்க வந்த பிரெண்டிஸ் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், ஹெர்குலிஸ் மண்டலத்தில் ஒரு நோவாவைக் கண்டார். மாதக்கணக்கில் மெதுவாக இறங்கி வந்த அது 1935 ஏப்ரலில் திடீரென்று பள்ளத்தில் விழுந்தாற்போல மங்கியது, மறுபடி ஏறியது. வீசப்பட்ட வாயு குளிர்ந்து, தூசியாகி, திரைபோல மறைத்திருக்கிறது. பார்ப்பதை நடுவில் விட்டிருந்தால் அந்தப் பள்ளம் யாருக்கும் தெரிந்திருக்காது. திரும்பவும் சொல்கிறேன், நோவாவின் கதை இறங்கும்போதுதான் தெரியும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கடைசியாக வைத்திருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவாதிக்குக் கிழக்கே அரைவட்டமாக ஏழெட்டு நட்சத்திரங்கள் இருக்கும், வடக்கு மகுடம் என்பார்கள். அங்கே ஒரு நட்சத்திரம் 1866-லும் 1946-லும் வெடித்தது. அடுத்த வெடிப்பு நெருங்கிவிட்டது என்று பலர் காத்திருக்கிறார்கள். வந்தால் ஒரு வாரத்தில் வெறும் கண்ணுக்கு மறைந்துவிடும். பைனாகுலரை அப்போது பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இரண்டு முறையும் மூன்று மாதத்துக்கு மேல் கழித்து அது மீண்டும் லேசாக ஏறியது. அந்த இரண்டாவது ஏற்றத்தையும் பார்த்து எழுதி வையுங்கள். நன்றி, வணக்கம்.