கம்மலை அடகு வைத்துச் சபைக்குக் கொடுக்கலாமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். இதை எழுதிய சகோதரி தன் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் முக்கியமான வரிகளை மட்டும் வாசிக்கிறேன்.

"ஐயா, கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறேன். எங்கள் சபை பெருகிவிட்டது. பழைய கோவிலில் இடம் போதவில்லை என்று புதிதாகக் கட்டுகிறார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு ஜோடி கம்மல். அதை அடகு வைத்துக் கொடுக்கலாமா? இன்னொன்று. ஞானஸ்நானத்துக்கு முன்னால் என் வாழ்க்கை சரியில்லை. அதை வைத்து, 'இவள் காசில் கோவிலா?' என்று ஒருவர் பேசியது என் காதில் விழுந்தது. நான் கொடுப்பதைக் கர்த்தர் ஏற்பாரா?"

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கம்மலை விட அதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டைக்குப் போனவர்களுக்கு ஊசிக்கோபுரம் தெரிந்திருக்கும். தூய திரித்துவ ஆலயம், 1826ல் பிரதிஷ்டையானது. வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதே ஊரில் அதற்கு 41 வருடம் மூத்த சின்னக் கோவில் ஒன்று இருக்கிறது. பாப்பாத்தியம்மாள் கோவில் என்பார்கள். கிளாரிந்தா ஆலயம் என்றும் சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபையார் முதலில் கட்டிய கோவில்களில் ஒன்று. கட்டியது மிஷனரி சங்கம் இல்லை, ஒரு விதவை.

அந்த அம்மாளின் கதையைக் கேளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் மராட்டிய பிராமணக் குடும்பம். கோகிலா என்பது பழைய பெயர் என்பார்கள். கணவன் இறந்ததும் உடன்கட்டை ஏற்றப் பார்த்தார்கள், லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்லி வருகிறார்கள். அப்புறம் அவரோடேயே வாழ்ந்தார். திருமணம் இல்லை. அந்தக் காலத்தில், அந்தச் சாதியில், ஒரு வெள்ளைக்காரனோடு அப்படி வாழ்ந்த பெண்ணை ஊர் என்னென்ன பேசியிருக்கும்! பிறந்த வீட்டுக்கும் திரும்ப முடியாது, வெள்ளைக்காரத் துரைசானிகளும் பக்கத்தில் உட்கார வைத்திருக்க மாட்டார்கள்.

லிட்டில்டன் மூலமாகத்தான் வேதம் அவருக்கு அறிமுகமானது. ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டார். தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ், உங்களில் பலருக்குத் தெரிந்தவர்தான். அவர் மறுத்துவிட்டார். இந்த உறவில் இருக்கும்வரை கொடுக்க முடியாது என்பது அவர் பதில். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, ஒரு போதகராக அவர் யோசித்தது அப்படி. ஆனால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? நம்மில் எத்தனை பேர் அதோடு கோபித்துக்கொண்டு வேறு பக்கம் போயிருப்போம்?

இவர் போகவில்லை. லிட்டில்டன் இறந்தார். அதற்குப் பிறகு 1778ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயர் வந்தது. ராச கிளாரிந்தா என்றும் சொல்வதுண்டு. இரண்டு வருடம் கழித்து, 1780ல், பாளையங்கோட்டைச் சபையின் பெயர்ப் பட்டியல் எழுதப்பட்டது. மொத்தம் 40 பேர், அவ்வளவுதான். அதில் முதல் பெயர் கிளாரிந்தா.

நாற்பது பேர் என்றால் இன்றைக்கு ஒரு வேன், கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தால். நிரந்தரமாகக் குருவானவர் கிடையாது. சுவார்ட்ஸ் இருப்பது தஞ்சாவூரில், சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி. ரயிலா, பஸ்ஸா? வருவதே அபூர்வம். அவர் வராத நாட்களில் அந்தச் சின்ன மந்தை சிதறாமல் இருந்தது பெரும்பாலும் இந்த அம்மாளால்தான் என்பது என் கருத்து. தன் கையில் இருந்ததை எடுத்துக் கோவில் கட்ட முன்னால் நின்றார். கோட்டையில் இருந்த ஆங்கில அதிகாரிகளும் உதவினார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கமெண்டில் யாராவது திருத்துவீர்கள். அவர் பெயரால் பாப்பாத்தியம்மாள் கிணறு என்று ஒரு கிணறும் சொல்லப்படுகிறது.

இப்போது உங்களுக்காக நான் எடுத்து வைத்திருந்த விஷயம். 1785 ஆகஸ்டில் அந்தக் கோவிலைப் பிரதிஷ்டை செய்ய வந்தது யார் தெரியுமா? அதே சுவார்ட்ஸ். ஒரு காலத்தில் "உனக்கு ஞானஸ்நானம் இல்லை" என்று சொன்ன அதே மனிதர், அவள் கட்டிய கோவிலில் நின்று ஜெபித்துத் திறந்துவைத்தார். அந்தப் பணத்தில் லிட்டில்டன் விட்டுப்போனதும் இருந்தது என்கிறார்கள். "இவள் காசில் கோவிலா?" என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருக்கலாம். சுவார்ட்ஸ் கேட்கவில்லை.

அதே பயணத்தில்தான் ஒரு சிறுவனைச் சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார் என்று பெயர் வாங்கிய அதே பையன்தான். இன்றைக்கும் நம் கோவில்களில் அவர் பாட்டைப் பாடுகிறோம். அடுத்து சத்தியநாதன் என்பவர் உபதேசியாராகப் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவருக்கு 1790ல் தஞ்சாவூரில் குருப்பட்டம் கிடைத்தது. 1799ல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டானது. சபை ஊர் ஊராகப் பெருகியது அதற்கப்புறம். இதெல்லாம் வரும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. நாற்பது பேருக்கு உட்கார ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான் அன்றைய தேவை.

அதனால் அம்மா, உங்கள் பழைய வாழ்க்கையைப் பற்றிப் பேசியவர் பேசட்டும். லூக்கா 8ம் அதிகாரம் ஆரம்பத்தில் பாருங்கள். இயேசுவுக்கும் சீஷர்களுக்கும் தங்கள் ஆஸ்தியால் ஊழியம் செய்த பெண்களின் பட்டியலில் முதலில் வருவது மகதலேனா மரியாள். அவளிடமிருந்து ஏழு பிசாசுகள் நீங்கின கதையை லூக்கா அதே வசனத்தில் எழுதிவிட்டார், மறைக்கவில்லை. ஆனால் காணிக்கையைத் திருப்பிக் கொடுத்ததாக எங்கும் இல்லை.

சரி, கம்மல். இதற்கு என் பதில் நேரடியானது: அடகு வைக்காதீர்கள்.

உடனே சிலர் மாற்கு 12ல் இருக்கிற ஏழை விதவையைக் கொண்டுவருவார்கள், இரண்டு காசு போட்டவளை. கட்டட நிதி கூட்டத்தில் அந்தப் பகுதியை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! ஆனால் அதற்குக் கொஞ்சம் மேலே 40ம் வசனத்தை யாரும் வாசிப்பதில்லை. விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை இயேசு கண்டித்த கையோடுதான் இந்த விதவை வருகிறாள். அவள் மனதார, தானாகப் போட்டாள். யாரும் நோட்டில் எழுதச் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் 8ம் அதிகாரத்தில் பவுலும் தெளிவாகச் சொல்கிறார்: மனவிருப்பம் இருந்தால் போதும், ஒருவனிடம் இருப்பதை வைத்துத்தான் கணக்கு, இல்லாததை வைத்து இல்லை. வட்டிக்கு வாங்கினது உங்களிடம் இருப்பது ஆகாது. கம்மல் அடகுக் கடைக்குப் போனால் மாதாமாதம் வட்டி கட்டப்போவது கமிட்டி இல்லை, நீங்கள்.

'குடும்பத்துக்கு இவ்வளவு' என்று தலைவரி மாதிரி வைப்பது எனக்கு உடன்பாடு இல்லை. சம்பளக்காரருக்கும் தையல் மிஷின் மிதிக்கிறவருக்கும் ஒரே தொகை வைப்பது எப்படி நியாயம்? இதை உங்கள் குருவானவரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் நம்பிக்கையான மூப்பர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். நோட்டில் எழுதிவிட்டதாலேயே அது பொருத்தனை, அதாவது கடவுளுக்குச் செய்த நேர்ச்சை, ஆகிவிடாது, பயப்படாதீர்கள்.

கொடுக்க ஆசை இருக்கிறதே, அதை விட்டுவிடவும் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பாட்டிமார் உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். மிசோரம் சபைகளிலும் இப்படி ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கம் 1910லிருந்து இருக்கிறது. அந்த ஊர் ஊழியங்களுக்கு அது பெரிய பலம். உங்களிடம் அரிசிக் கலயம் இல்லாவிட்டால் தையல் மிஷின் இருக்கிறது. புதுக் கோவிலுக்குத் திரைச்சீலை வேண்டும், பாடகர் குழுவுக்கு அங்கி வேண்டும், பிரசங்க பீடத்துக்கு விரிப்பு வேண்டும். துணியைக் கமிட்டி வாங்கித் தரட்டும், கூலி உங்கள் காணிக்கை. அளவெடுக்கப் போகும்போது அந்த 'இவள் காசில்' என்று பேசினவர் குழுவில் இருந்தால், அவருக்கும் சேர்த்தே தையுங்கள். கொஞ்சம் தாராளமாகவே அளவு வையுங்கள், அங்கி இறுக்கிப் பிடித்தால் பாட்டு வராது.